அடுப்பில் போன கடிதம்

அம்மாவை அடக்கம் செய்துவிட்டு எல்லோரும் தேவாலயக் கூடத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். என் தங்கை இர்யா இரண்டாவது தடவையாகக் கேக் வாங்கித் தின்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளைத் தட்டும் கையுமாகச் சமையலறைக்கு இழுத்துப் போனேன்.

"ஒரு சொட்டுக் கண்ணீர் விடல நீ. ஊரே பாக்குது."

"வரலன்னா என்னக்கா பண்றது? வெங்காயம் இருந்தாக் குடு."

போரில் பின்லாந்தில் குண்டு விழுந்த நாட்களில், நாலு வயதில், கழுத்தில் பெயர் அட்டை கட்டி அவளை ஸ்வீடனுக்கு ரயிலேற்றினார்கள். மாடு கறக்க ஆள் வேண்டுமென்று அம்மா என்னை மட்டும் வைத்துக்கொண்டாள். எட்டு வயதில் இர்யா திரும்பியபோது எங்கள் பேச்சே அவளுக்கு மறந்திருந்தது. அம்மா தூக்க வந்தால் மேசைக்கடியில் ஒளிந்துகொண்டு, அங்கே தன்னை வளர்த்த குன்வோரைக் கூப்பிட்டு அழுவாள். ஒரு மாதம் பொறுத்த அம்மா, பிறகு அவளைத் தூக்கக் கை நீட்டவே இல்லை.

"குன்வோருக்குன்னா அழுதிருப்ப" என்றேன்.

"அவளுக்கு எதுக்கு? மூணு வருஷம் கடுதாசி போட்டா. அலுத்துப்போச்சு, விட்டுட்டா. இவ ரயிலேத்திவிட்டா, அவ மறந்துட்டா. யாருக்கும் நான் அழறதா இல்ல."

அவள் மறுபடி கேக்கில் கை வைத்தாள். அதற்குமேல் என்னால் வாயை அடக்க முடியவில்லை.

"அவ மறக்கல. செத்துப்போனா. அப்ப உனக்குப் பதினொரு வயசு. செத்த சேதி சொல்லிக் கடுதாசி வந்துச்சு. அம்மா அடுப்புல போட்டா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பக்கத்துலதான் நின்னேன்."

இர்யாவின் குரல் உயரவில்லை. "முப்பது வருஷமா அவளத் திட்டிக்கிட்டிருந்தேன்."

"சொன்னா நீ திரும்பிப் போயிடுவியோன்னு அம்மாவுக்குப் பயம். உனக்கு ரெண்டு அம்மா. எனக்கு ஒருத்திதான். அவளும் உன் மூஞ்சியவே பாத்துக்கிட்டுக் கிடந்தா."

அவள் கோட்டுகூட எடுக்காமல் வெளியேறினாள். நான் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். கல்லறையில் நாங்கள் வைத்த மலர் வளையங்களைக் காலால் தள்ளிவிட்டு, மண்டியிட்டு, ஈரமண்ணைக் கையால் அறைந்துகொண்டிருந்தாள்.

"எதுக்கு அனுப்பின? அனுப்பினவ எதுக்குத் திருப்பிக் கூப்பிட்ட?"

பிறகு எனக்குப் புரியாத ஸ்வீடிஷில் என்னவோ கத்தினாள். கத்தல் அழுகையாக மாறியது. எந்த அம்மாவுக்கு அழுகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.

கோட்டைத் தோளில் போடப் போனேன்.

"தொடாத. நீயும் அவளும் ஒண்ணு."

எனக்கும் கோபம் அடங்கவில்லை. கோட்டைப் பக்கத்துக் கல்லில் வீசினேன். ஆனால் போகவில்லை. அவள் அழுது ஓயும்வரை பத்தடி தள்ளி நின்றுகொண்டே இருந்தேன்.