பொத்தோசி ஏழாம் நம்பர்

ஓருரோ நகரத்தில் ஞாயிறு காலை பேண்டு ஒத்திகை முடிந்ததும் ட்ரம்பெட்காரர்கள் வீட்டுக்குப் போகமாட்டார்கள். நேராகச் சந்தைக்குப் போய், செனோபியாவின் கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஊதா நிற அப்பிக் கஞ்சியும் சீஸ் வைத்துப் பொரித்து உப்பிய பஸ்தெலுமாக மதியம் வரை, ட்ரம்பெட்டில் சொருகி வாய் வைத்து ஊதும் மவுத்பீஸைப் பற்றிப் பேசுவார்கள். பேசுவார்கள் என்பதைவிட, இரும்புக் கடை கிரிஸ்பின் ஆயாவிரி பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள் என்பதே சரி. அவர் பேண்டின் முதல் ட்ரம்பெட்; எல்லோரும் மரியாதையாக 'மாயெஸ்த்ரோ' என்று கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு மவுத்பீஸ் வைத்திருந்தார். தூண்டில் சாமான் வைக்கிற தகரப் பெட்டியில், ஒவ்வொன்றையும் ஒவ்வொரு குழந்தைச் சாக்ஸுக்குள் போட்டு வைத்திருந்தார்.

"நெலிதா, உன் ஊத்து ஏன் தண்ணியா இருக்கு தெரியுமா?" என்றார் அன்று. "உன் மவுத்பீஸோட கிண்ணம் சூப் கரண்டி மாதிரி தட்டையா இருக்கு. அதுல எப்படி இருட்டான நாதம் வரும்?"

"நாதத்துக்கு ஏது மாயெஸ்த்ரோ இருட்டும் வெளிச்சமும்? கரண்ட் போயிடுச்சா?"

பெஞ்சே சிரித்தது. கிரிஸ்பின் மட்டும் சிரிக்கவில்லை. "காது இருக்கறவனுக்குத் தெரியும்" என்று சொல்லிக் கஞ்சியை உறிஞ்சினார்.

நெலிதா தக்கிசிரி மூன்றாவது ட்ரம்பெட். பிழைப்புக்குப் பல்செட் செய்கிறவள். 'காது இருக்கறவனுக்கு' என்ற அந்த வார்த்தை அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. திங்கட்கிழமை பட்டறையில் ஒரு கிழவருடைய மேல்வரிசைப் பல்லை மெருகேற்றிக்கொண்டிருந்தபோது, இழுப்பறையில் கிடந்த பழைய மவுத்பீஸ் கண்ணில் பட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், "இதுல ஊதினா கழுதை தும்முற மாதிரி இருக்கு, கதவுக்கு முட்டுக் கொடுக்க வச்சுக்க" என்று கிரிஸ்பினே அவளிடம் தூக்கிப் போட்டது அது.

அவளிடம் மோட்டார் இருந்தது, அரைக்கும் கல் இருந்தது, உலோகத்தின் மேல் மணலை ஊதி அடிக்கும் மெஷினும் இருந்தது. அரை மணி நேரத்தில் கம்பெனி எழுத்து காணாமல் போனது. வெளிப்புறம் முழுக்க மங்கலாக, நூறு வருஷம் புதைந்து கிடந்தது போல் ஆனது. பல்லில் பள்ளம் எடுக்கும் ஊசியால் அடியில் '7' என்று சின்னதாகக் கீறினாள். ஒரு கிழிந்த வெல்வெட் துணியில் சுற்றினாள்.

கிரிஸ்பினை ஏமாற்றப் போகும் விஷயத்தை, ட்ரம்பெட் வால்வு ரிப்பேர் செய்யும் ரூஃபோவிடம் மட்டும் சொன்னாள். அவர் இரண்டாவது ட்ரம்பெட், தொப்பை குலுங்கச் சிரிக்கிற மனுஷன். "ஐயோ, அந்த ஆளு உருகிடுவான்!" என்று முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு பெஞ்சில் துணியைப் பிரித்தாள். "பொத்தோசியில என் சித்தி மகன் வாங்கினது. சுரங்க பேண்டுல ஊதின ஒருத்தரோட விதவை கொடுத்தாங்களாம். மொத்தம் ஏழுதான் செஞ்சாங்களாம், இது கடைசி."

மவுத்பீஸ் கைமாறிக் கைமாறிப் போனது. ஒருவர் கனம் அதிகம் என்றார், அடுத்தவர் கனமே இல்லை என்றார். கிரிஸ்பின் கண்ணை மூடி முகர்ந்து பார்த்தார். பிறகு ட்ரம்பெட்டில் சொருகி நீளமாக ஒரே ஒரு ஸ்வரம் ஊதினார். செனோபியா கரண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"இப்படிச் செய்ய இன்னைக்கு ஆளே கிடையாது" என்றார், மவுத்பீஸை விடாமல் பிடித்தபடி. "நெலிதா, சனிக்கிழமை பேண்டு விழா வரைக்கும் இத என்கிட்ட கொடும்மா. உனக்கு இது வீண்."

ரூஃபோ பஸ்தெலை விழுங்க முடியாமல் இருமினார்.

புதன்கிழமை ஒத்திகையில்தான் சிரிப்பு நின்றது. மொரெனாதா என்ற நடன இசையின் கடைசியில் மேல் ஸ்தாயியில் 'ரே' ஸ்வரம் ஒன்று வரும். மூன்று வருஷமாக அந்த இடத்தில் கிரிஸ்பினின் ஊத்து உடையும். எல்லோரும் தங்கள் காலணியைப் பார்ப்பார்கள். அன்று அது உடையவில்லை. கண்ணாடியில் நகத்தால் தட்டியது போல் சுத்தமாக எழும்பி, நின்று, அவர் விடும்வரை அங்கேயே இருந்தது. டிரம்காரன் அடிக்க மறந்துபோனான். கிரிஸ்பின் கண் கலங்க மவுத்பீஸுக்கு முத்தம் கொடுத்தார்.

நெலிதா தன் ட்ரம்பெட்டை மடியில் இறக்கினாள். விழா முடிந்ததும் பெஞ்சில் எல்லோர் முன்னாலும் உண்மையைப் போட்டு உடைக்கலாம் என்றிருந்தாள். இப்போது அதை எப்படிச் சொல்வது? வெள்ளிக்கிழமைக்குள் மற்ற பேண்டுகளிலிருந்து பதினோரு பேர் பட்டறை வாசலுக்கு வந்து, பொத்தோசி சித்தி மகனின் விலாசம் கேட்டார்கள். பல்செட் வாங்க வந்த கிழவர் உட்கார இடமில்லாமல் நின்றார்.

இனித் தாங்காது என்று இரும்புக் கடைக்கே போனாள். ஆணி எடை போட்டுக்கொண்டிருந்த கிரிஸ்பினிடம் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். "அது உங்க பழசுதான் மாயெஸ்த்ரோ. கழுதை தும்மினது. நான் எழுத்தைத் தேய்ச்சேன், அவ்வளவுதான். சித்தி மகனே கிடையாது. மன்னிச்சிடுங்க."

கிரிஸ்பின் தராசை இறக்கினார். சட்டைப் பையிலிருந்து மவுத்பீஸை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காது மடல் சிவந்தது. திட்டப் போகிறார் என்று நெலிதா ஓரடி பின்வாங்கினாள்.

"எவ்வளவு தேய்ச்ச?"

"என்னது?"

"எத்தனை கிராம் போயிருக்கும்? வெளிச்சுவர் மெலிசானதும் அதிர்வு விடுபட்டிருக்கு. இத்தனை வருஷம் எனக்கு இது தோணலையே! நீ விளையாட்டாச் செஞ்சிருக்க, ஆனா உன் கைக்குத் தெரிஞ்சிருக்கு." குனிந்து மேசைக்கடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்து அவள் கையில் திணித்தார். "இருபத்திரண்டையும் தேய்ச்சிடு. அவசரமில்ல, அடுத்த வாரம் கார்னிவல் முடிஞ்சு கொடு."

"மாயெஸ்த்ரோ, ஊதினது நீங்க. மவுத்பீஸ் இல்ல."

"அப்படித்தான் சொல்லுவ, தன்னடக்கம்" என்று தோளில் தட்டி அனுப்பிவிட்டார்.

விழாச் சனிக்கிழமை, ஆயிரக்கணக்கான பித்தளைக் குழல்களுக்கு நடுவிலும் அந்த மேல் ரே தனியாகக் கேட்டது. மவுத்பீஸைத் தேய்த்தது நெலிதாவின் கைதான் என்று கிரிஸ்பின் அதற்குள் ஊரெல்லாம் சொல்லியிருந்ததால், பக்கத்து பேண்டுக்காரர்கள் அவரைப் பார்க்கவில்லை, எக்கி எக்கி நெலிதாவைப் பார்த்தார்கள். மறுநாள் பெஞ்சில் அவளுக்கு நடு இடம் கிடைத்தது. அவள் உண்மையைச் சொல்லச் சொல்ல, "ரகசியத்தை விட மாட்டேங்கறா" என்று தலையாட்டினார்கள்.

திங்கட்கிழமை பட்டறையைத் திறந்தபோது வாசலில் ரூஃபோ நின்றுகொண்டிருந்தார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே வந்து, கைக்குட்டை முடிச்சை அவிழ்த்துத் தன் மவுத்பீஸை மேசைமேல் வைத்தார்.

"ரூஃபோ ஐயா! நீங்களுமா? உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே!"

"தெரியும், தெரியும்" என்றார் ரூஃபோ, சுவரில் மாட்டியிருந்த பற்களைப் பார்த்தபடி. "எழுத்தை மட்டும் லேசா எடு போதும். கெட்டா போயிடப் போகுது?"

நெலிதா அவரைப் பார்த்தாள், மவுத்பீஸைப் பார்த்தாள். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு மோட்டாரைப் போட்டாள்.