அம்பாரத்தின் மேலே மூத்தார்

உப்புக் கூடையை லாரியில் கவிழ்த்துவிட்டுத் திரும்பிய சித்ரா, மலையாய்க் குவிந்த உப்பு அம்பாரத்தின் உச்சியில் மூத்தார் நிற்பதைப் பார்த்தாள். கையில் கடப்பாரை.

அம்பாரத்தின் அடியில், குகை மாதிரி விழுந்திருந்த பள்ளத்துக்குள், அவள் தங்கை ஹேமாவதி உப்பு வாரிக்கொண்டிருந்தாள்.

மரக்காணத்து உப்பளத்தில் பிழைப்பு போனதும் பாரிவாக்கத்தில் குடியேறிய குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. வேலை குத்தம்பாக்கத்து உப்புக் கிடங்கில். ஊரை விட்டார்கள், வழக்கத்தை விடவில்லை. ஆம்பளை அம்பாரத்தின் மேலே ஏறி உடைப்பான். பொம்பளை கீழே நின்று வாரிச் சுமப்பாள். பொம்பளை கால் பட்டால் உப்பு கசிந்துவிடும் என்று பேச்சு. அதனால் மேலே என்ன இருக்கிறது என்று பெண்கள் பார்த்ததில்லை. அடியில் என்ன நடக்கிறது என்று ஆண்கள் குனிந்ததில்லை.

மூத்தார் கோதண்டம், சித்ராவின் கணவன் வினோத்தின் அண்ணன். கடப்பாரைக்கு முனை தட்டக் காலையிலேயே கரையான்சாவடிக்குப் போயிருந்தார். அவர் வரும்வரை காத்திருக்கலாம் என்றுதான் சித்ரா சொன்னாள். சூப்பர்வைசர் அலெக்ஸ் கேட்கவில்லை.

"லாரி நின்னுகினு கீதுக்கா. மேல் வேலையை அண்ணாத்தே வந்து பாத்துப்பாரு. நீ சுமக்கிற வேலையைப் பாரு."

வாரினார்கள். கூரை ஒழுகி நனைந்த உப்பு, மேலே ஓடு போல இறுகிக் கிடந்தது. அடியில் எடுக்க எடுக்கச் சரியவேண்டியது சரியவில்லை. பள்ளம் உள்ளே உள்ளே போனது. ஒல்லியாக இருந்த ஹேமா சிரித்துக்கொண்டே நுழைந்தாள், ஏசி ரூம் மாதிரி இருக்கிறது என்றாள்.

இப்போது மூத்தார் வந்துவிட்டார். வழக்கம்போலப் பின்பக்கமாக ஏறியிருக்கிறார். பள்ளம் அவர் கண்ணில் படவே இல்லை.

தொம்.

முதல் குத்து. பள்ளத்தின் விளிம்பிலிருந்து வெள்ளையாகப் பொடி உதிர்ந்தது. சித்ரா ஹேமாவைக் கூப்பிட்டாள். லாரி இன்ஜின் இரைச்சலில் அது உள்ளே போகவில்லை.

சித்ரா சுற்றிலும் பார்த்தாள். அலெக்ஸ் கேட்டுக்கு வெளியே போனில் இருந்தான். மற்ற பெண்கள் லாரியின் மறுபக்கம். யார் போய் மூத்தாரிடம் சொல்வது? கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் நேராக ஒரு வார்த்தை அவள் பேசியதில்லை. சோறு போதுமா என்பதைக்கூடச் சுவரைப் பார்த்துத்தான் கேட்பாள்.

"யாராச்சும் மேலே சொல்லுங்களேன்" என்றாள், பழக்க தோஷத்தில், லாரி டயரைப் பார்த்து.

கடப்பாரை மறுபடி உயர்ந்தது. பள்ளத்தின் கூரையில் மயிரிழையாக ஒரு விரிசல் ஓடியது.

சித்ரா அண்ணாந்து, லாரி இரைச்சலுக்கும் மேலாகக் கத்தினாள்.

"கோதண்டம்! குத்தாதே!"

கடப்பாரை அந்தரத்தில் நின்றது. கிடங்கே நின்றது போலிருந்தது. மேலிருந்து அவர் முகம் எட்டிப் பார்த்தது. கோபம்கூட இல்லை அதில், வெறும் திகைப்பு.

"யார் பேரை யாருடி சொல்றது?"

சித்ரா கூடையை எறிந்துவிட்டு ஓடினாள். பள்ளத்துக்குள் கை விட்டு, அகப்பட்ட கணுக்காலைப் பிடித்து இழுத்தாள். முட்டி தேயத் தேய ஹேமா வெளியே வந்து விழுந்தாள்.

அடுத்த குத்து விழவே இல்லை. அவர் எடையே போதுமாயிருந்தது. காலடியில் உப்பு ஓடு உடைந்தது.

வெள்ளைப் புழுதி அடங்கியபோது அம்பாரத்தின் மேலே யாரும் இல்லை. கடப்பாரையின் முனை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

சத்தம் கேட்டு ஓடி வந்த பெண்கள் அம்பாரத்தின் விளிம்பில் நின்றுவிட்டார்கள். ஒரு கால்கூட உப்பின் மேல் படவில்லை. அலெக்ஸ் யாருக்கோ போன் போட்டுத் திணறினான்.

சித்ரா ஏறினாள். முழங்கால்வரை புதைந்தது.

"மாமா" என்றாள் மெதுவாக. குனிந்து காது கொடுத்தாள். எங்கே தோண்டுவது? எல்லாப் பக்கமும் ஒரே வெள்ளை.

"கோதண்டம்."

அவள் காலுக்கு வெகு அருகில், உப்புக்கு அடியிலிருந்து, இருமலோடு ஒரு குரல்.

"இங்கே... கூப்டுகினே இரு. நிறுத்தாதே."

வெடித்த விரல்களில் உப்பு தீயாக எரிய, அவள் அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லித் தோண்டினாள். தேய்ந்த முட்டியோடு ஹேமாவும் மேலே ஏறி வந்தாள்.