எலுமிச்சைக்கு ரெண்டு பிடி

"உன் நாயைக் கட்டிப் போட முடியுமா, முடியாதா? அதை மட்டும் சொல்லு டோரதி!"

"நான் என்னா மாமி, வேணும்னேவா அவுத்து உடறேன்? செவுரு ஏறிக் குதிக்குது. அதுக்குக் காம்பவுண்டுன்னா தெரியுமா?"

"தெரியாட்டா சொல்லிக் குடு! நேத்திக்கு மண்ணைத் தோண்டித்து, இன்னிக்கு வேரையே தோண்டறது. இத்தனை வருஷம் கழிச்சு இப்பதான் மரம் காய்ச்சிருக்கு. உன் பிரௌனி அதைப் பிடுங்கிப் போட்டாத்தான் ஓயும் போலிருக்கு!"

"பிரௌனிய ஏன் மாமி திட்டறீங்க? எலும்புத்தூள் வாசன அடிச்சா எந்த நாய்தான் சும்மா கெடக்கும்?"

அவ்வளவுதான். விவேக் நகரில் எங்கள் தெரு அப்படி அமைதியாகி நான் பார்த்ததில்லை. வியாழக்கிழமைகளில் குழந்தை ஏசு கோவிலுக்கு வருகிற கூட்டம் தெரு முழுக்க மெழுகுவத்தியும் கையுமாக நிற்கும்போதுகூட அதைவிடச் சத்தம் இருக்கும். இது சனிக்கிழமைக் காலை. எங்கள் வீட்டு மாடியில் நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். ஒரே புடவையை நான்காவது முறையாக உதறினேன் என்று நினைக்கிறேன்.

"என்ன தூள்?" என்றாள் கோமளம் மாமி.

டோரதி வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் புருஷன் ஓஸ்வால்ட், ரோஜாத் தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர், டியூபை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். சுவருக்கு இந்தப்புறம், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஆராவமுதன் மாமா பேப்பரைக் கண்வரைக்கும் தூக்கினார். வழுக்கைத் தலை மட்டும் வெளியே தெரிந்தது. அது சிவந்துகொண்டே வந்தது.

"ஏன்னா. உங்களைத்தான்."

"அது வந்து... போன் மீல்னு சொல்லுவா கோமளம். உரம். எல்லாம் சயின்ஸ்."

"எலும்பா, இல்லையா?"

"அரைச்சப்புறம் அதை எலும்புன்னு..."

"அரைச்சப்புறம் மாவாயிடுமோ? இட்லி வார்க்கலாமோ?"

மாமா பேப்பரை மடித்து வைத்தார். அதற்குமேல் மறைத்துப் பிரயோசனமில்லை என்று அவருக்கே தெரிந்துவிட்டது.

இந்த எலுமிச்சை மரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். மாமா சர்க்கார் வேலையிலிருந்து ரிடையர் ஆனதும் லால்பாகிலிருந்து கன்று வாங்கி வந்து வைத்தார். அதே வாரத்தில் ஓஸ்வால்டும் ஒன்று வாங்கி, சுவருக்கு அந்தப்புறம் வைத்தார். ஒரே மண், ஒரே மழை, ஒரே வெயில். அந்தப்புறத்து மரம் மூன்றாம் வருஷமே கிளை தாழக் காய்த்தது. இந்தப்புறத்து மரம் பூக்கும், கொட்டும். மறுபடி பூக்கும், மறுபடி கொட்டும்.

கோமளம் மாமி தன் பங்குக்கு உரம் போட்டாள். தினம் டிகாக்‌ஷன் இறக்கின காபி மண்டி, அரிசி களைந்த தண்ணீர், புளித்த மோர், பால்காரன் வீட்டுச் சாணி. மரத்துக்கு அதெல்லாம் பிடிக்கவில்லையோ, இல்லை காபி பழகிவிட்டதோ, காய் மட்டும் வரவில்லை. அப்புறம் மாமா யாரையோ கேட்டு யூரியா போட்டார். இலை வந்தது பாருங்கள், காடு மாதிரி! அந்த வருஷம் பூகூட இல்லை. அடுத்த வருஷம் வேப்பம் புண்ணாக்கு. எறும்பு போயிற்று. காய் வரவில்லை.

கடைசியில் ஒருநாள் மாமா சுவரோரம் நின்று, "ஓஸ்வால்ட், நீர் என்னதான் போடறீர்?" என்று கேட்டார். நான் அப்போதும் மாடியில்தான் இருந்தேன்.

"யூரியா போட்டா எலதான் சார் வரும். காய் வேணும்னா போன் மீல் போடணும். எங்க மரத்துக்கு அதான். ஆனா உங்க வீட்ல..."

"எங்காத்துல தெரியவேண்டாம்" என்றார் மாமா.

அன்று முதல் மூட்டை ஓஸ்வால்ட் வீட்டுப் பின்கட்டில் இருந்தது. மாமி கோவிலுக்குப் போகிற நேரம் பார்த்து, ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் சுவரைத் தாண்டி இந்தப்புறம் வரும். மாமா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மண்ணைக் கிளறிப் போட்டு மூடுவார். ஏதோ நகை புதைக்கிற மாதிரி இருக்கும். அடுத்த வருஷமே மரம் காய்த்தது. "நான் போட்ட மோர்தான்" என்று மாமி தெருவெல்லாம் சொன்னாள். மாமாவும் "ஆமாம், மோர்தான்" என்றார்.

சரி, மரத்துக்கு எலும்புத்தூள் போட்டதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்பீர்கள். வெறும் மரமாக இருந்தால் அன்று சாயங்காலமே ஆறியிருக்கும். ஆனால் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மாமியின் பெண் ஸ்ரீரஞ்சனிக்குக் கல்யாணத் தேதி வைக்க மல்லேஸ்வரத்திலிருந்து பிள்ளைவீட்டார் வருவதாக இருந்தது.

ஸ்ரீரஞ்சனிக்கு அதற்கு முன்னால் இரண்டு இடம் கூடிவந்து கலைந்துபோயிருந்தது. ஒன்று ஜாதகத்தில். இன்னொன்றில் பையன் அமெரிக்கா போனவன் அங்கேயே ஒருத்தியைப் பார்த்துக்கொண்டான். இந்த மூன்றாவது வரன் கண்ணன். ஜாதகம் பார்த்து வந்த இடம் என்றுதான் வெளியில் சொன்னார்கள். வைட்ஃபீல்டுக்குப் போகிற ஆபீஸ் பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டுப் பழகினவர்கள் என்பது எங்கள் தெருவில் பால்காரனுக்குக்கூடத் தெரியும். பெண்ணுக்கு அவன்தான் வேண்டும். அவனுக்கும் அப்படித்தான். குறுக்கே நின்றது ஒரே ஒரு ஆள், கண்ணனின் அம்மா ராதா மாமி.

ராதா மாமி கடையில் வாங்கின பிரெட்டைத் தொடமாட்டாள். ஓட்டலில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். முதல்முறை பெண்பார்க்க வந்தபோது சொஜ்ஜி, பஜ்ஜி எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்த்தி வைத்தவள், தயிர்சாதத்தோடு ஒரு துண்டு எலுமிச்சை ஊறுகாய் போட்டுக்கொண்டாள். அப்புறம் இன்னொரு துண்டு. "ஆத்து மரத்துக் காயா?" என்று கேட்டாள். கிளம்பும்போது ஒரு பாட்டில் நிறைய வாங்கிக்கொண்டு போனாள். "இந்தக் கைப்பக்குவம் இருக்கிற ஆத்துப் பொண்ணுதான் வேணும்" என்று உறவுக்காரர்களிடமெல்லாம் சொன்னாளாம். சம்பந்தம் கூடிவந்ததே அந்த ஊறுகாயால்தான்.

இப்போது அந்த ஊறுகாய்க்குள் என்ன இருக்கிறது என்று கோமளம் மாமிக்குத் தெரிந்துவிட்டது.

அன்று மத்தியானம் அவர்கள் வீட்டு ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. சமையலறை ஜன்னல் கொக்கி மட்டும் வெகுநாளாகச் சரியில்லை. நான் ஒரு கிண்ணம் சர்க்கரை வாங்கப் போயிருந்தேன்.

"அம்மா, நீ வாயைத் திறக்காதே, அவ்வளவுதான்" என்று ஸ்ரீரஞ்சனி அழுகிற குரலில் சொன்னாள். "ஒரு எலுமிச்சங்காய்க்காக இதையும் நிறுத்திடாதே."

"கொழந்தை சொல்றதுதான் நியாயம். யாருக்குத் தெரியப்போறது?" என்றார் மாமா.

"எனக்குத் தெரியுமே!" என்றாள் மாமி. "அவா நம்மளை நம்பிச் சாப்பிட்டிருக்கா. இவ அந்த ஆத்துல போய் தினம் சாதம் போடப்போறா. முதல் நாளே பொய்யோட அனுப்பறதா?"

"நீ உண்மையைச் சொன்னா அனுப்பவே வேண்டாம், ஆத்துலயே வெச்சுக்கலாம்" என்றார் மாமா. உள்ளே ஏதோ பாத்திரம் சத்தமாக விழுந்தது. நான் சர்க்கரை கேட்காமலே திரும்பிவிட்டேன்.

ஞாயிறு காலை டோரதி பூசை முடிந்து, தலையில் போட்ட முந்தானையோடு நேராக மாமி வீட்டு கேட்டுக்கு வந்தாள்.

"மாமி, எல்லாம் என் நாக்கால வந்தது. நான் வேணா வந்து சொல்லட்டுமா? அது எங்க மரத்துக்குப் போட்டதுன்னு. நாய் தப்பா இங்க தோண்டிச்சுன்னு."

"பொய் சொன்னா உங்களுக்குப் பாவமன்னிப்பு கேக்கணுமே டோரதி."

"வாராவாரம் கேக்கறதுதான மாமி. இதையும் அதுல சேத்துக்கலாம்."

மாமி சிரித்துவிட்டாள். ஒரு நாள் முழுக்க உம்மென்று இருந்த முகம். "வேண்டாம்டி. நாயை மட்டும் கட்டி வை" என்றாள்.

சாயங்காலம் பிள்ளைவீட்டார் வந்தார்கள். பஜ்ஜி போட ஒரு கை வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன், அது வேறு விஷயம். ராதா மாமி நடு சோபாவில் உட்கார்ந்தாள். பக்கத்தில் கண்ணன், பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைக்காதவன் மாதிரி ஓரமாக ஒண்டிக்கொண்டிருந்தான். பஞ்சாங்கம் வந்தது. வைகாசியா, ஆனியா என்று பேச்சு நடந்தது. எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ராதா மாமி தன் பையைத் திறந்து அந்தப் பாட்டிலை எடுத்தாள். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று அதில் புளிக்காய்ச்சல் நிரப்பிக் கொண்டுவந்திருந்தாள்.

"புளிக்காய்ச்சலை வேற பாத்திரத்துல மாத்திண்டு, இதுலயே திரும்ப ஊறுகாய் போட்டுக் குடுத்துடுங்கோ மாமி. பத்து நாள்லயே தீந்துபோச்சு. இப்பெல்லாம் அது இல்லாம எனக்குச் சாதமே இறங்கறதில்லே, நோடி!" என்றாள். அவள் பேச்சில் நடுநடுவே கன்னடம் எட்டிப்பார்க்கும்.

கோமளம் மாமி பாட்டிலைக் கையில் வாங்கினாள். உள்ளே போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். மாமா இருமினார். அது இருமல் இல்லை, வேண்டுகோள். சமையலறை வாசலில் ஸ்ரீரஞ்சனி கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற விதத்தைப் பார்த்தால், கதவு அவளைப் பிடித்திருந்த மாதிரி இருந்தது. என் எண்ணெயில் ஒரு பஜ்ஜி கருகிக்கொண்டிருந்தது. கருகட்டும் என்று விட்டுவிட்டேன்.

"மாமி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள் கோமளம் மாமி. "எனக்கே நேத்திக்குத்தான் தெரியும். அந்த மரம் காய்க்கலேன்னு எங்காத்து மாமா எனக்குத் தெரியாம எலும்புத்தூள் போட்டிருக்கார். அந்தக் காய்லதான் ஊறுகாய் போட்டேன். நீங்க சாப்பிட்டது அதான். தெரிஞ்சு குடுக்கலே. ஆனா தெரிஞ்சப்புறம் சொல்லாம இருக்க முடியலே."

ஒரு மூச்சில் சொல்லி முடித்தாள்.

ராதா மாமி மெதுவாக எழுந்தாள். போச்சு, செருப்பைத் தேடுகிறாள் என்று நினைத்தேன். ஸ்ரீரஞ்சனி கண்ணை மூடிக்கொண்டுவிட்டாள். ராதா மாமி வாசல்பக்கம் போகவில்லை, ஜன்னலுக்குப் போனாள். வெளியே எலுமிச்சை மரத்தை மேலும் கீழும் பார்த்தாள். கொத்துக்கொத்தாகத் தொங்கியது. வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் திரும்பாமலே கேட்டாள்:

"எத்தனை பிடி?"

யாருக்கும் புரியவில்லை.

"ஒரு மரத்துக்கு எத்தனை பிடி போடணும்னு கேட்டேன். எங்காத்துக் கொல்லையிலயும் ஒண்ணு இருக்கு. கண்ணன் ஸ்கூல் போற காலத்துலேர்ந்து பூக்கறது, கொட்டறது. மோர் விட்டாச்சு, காபி மண்டி போட்டாச்சு, சும்னே இலையா வளர்றது."

"யூரியா போட்டிருப்பேளே?" என்றார் மாமா. குரல் எங்கிருந்தோ திரும்பி வந்துவிட்டது.

"போட்டோம்."

"அதான்! காய்க்கு யூரியா உதவாது. மழைக்கு முன்னாடி ரெண்டு பிடி. தண்டை ஒட்டிப் போடப்படாது. கிளையோட நிழல் எதுவரைக்கும் விழறதோ, அங்க மண்ணைக் கிளறிப் போட்டு மூடிடணும். நாய் இருந்தா மேலே ஒரு கல்லு வெச்சுடுங்கோ."

இவ்வளவு நேரம் சோபாவில் கரைந்துபோயிருந்த மனுஷன் எழுந்து நின்று கையை வீசிக் காட்டினார்.

"அப்ப ஊறுகாய்..." என்று இழுத்தாள் கோமளம் மாமி.

"பெருமாளுக்கு ஊறுகாய் வைக்கறதில்லையே. தின்னது நான்தானே? அதை நான் பாத்துக்கறேன். மாடு மேயற புல்லுக்கு அடியில என்னென்ன இருக்குன்னு தோண்டிப் பாத்துட்டா பால் குடிக்கறோம்?" ராதா மாமி வந்து பழையபடி நடு சோபாவில் உட்கார்ந்தாள். "நீங்க இதைச் சொல்லாம இருந்து, நாளைக்கு இவ வாயால நான் கேட்டிருந்தா, அது வேற. பாட்டிலை ரொப்புங்கோ. எங்காத்து மரத்துக்குக் கண்ணன் போடட்டும், நான் அந்தப் பக்கமே திரும்பமாட்டேன். வைகாசியா, ஆனியா, சொல்லுங்கோ."

"வைகாசி" என்று கண்ணனும் ஸ்ரீரஞ்சனியும் ஒன்றாகச் சொன்னார்கள். கேட்காத இடத்திலிருந்து வந்த பதில். எல்லோரும் சிரித்தார்கள். கோமளம் மாமி சமையலறைக்கு வந்து, என் தோளில் சாய்ந்து நன்றாக ஒரு பாட்டம் அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்ன இப்படிப் பஜ்ஜியைக் கருக்கி வெச்சிருக்கே?" என்று என்னைத் திட்டினாள். அப்போதுதான் எனக்கும் உயிர் வந்தது.

வைகாசியில் கல்யாணம் ஆயிற்று. சீர் வரிசைத் தட்டுகளை எல்லோரும் பார்த்தார்கள். பட்டுப்புடவைக் கடைப் பையில் சுற்றி, ஓஸ்வால்ட் பிள்ளைவீட்டார் காரின் பின்னால் தூக்கி வைத்த கனமான மூட்டையை நான் மட்டும் பார்த்தேன். ஸ்ரீரஞ்சனியும் கண்ணனும் இப்போது வைட்ஃபீல்டில் ஒரு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார்கள். பால்கனியில் தொட்டியில் ஒரு எலுமிச்சை. மல்லேஸ்வரத்து மரமும் காய்க்கிறது. அதற்கு என்ன போடுகிறார்கள் என்று ராதா மாமிக்குத் தெரியாது, கேட்டால் அப்படித்தான் சொல்லுவாள்.

ஓஸ்வால்டின் பெண் கேரல் கல்யாணம் செய்துகொண்டு ஆஸ்திரேலியா போனாள். பேரன் பிறந்ததும் அப்பா அம்மாவையும் அங்கேயே கூப்பிட்டுக்கொண்டாள். வீட்டை வாங்கினவர்கள் முதல் காரியமாக அந்தப்புறத்து மரத்தை வெட்டிக் கார் நிறுத்த இடம் பண்ணினார்கள். பிரௌனியை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோக முடியாது என்று டோரதி அழுதபோது, "அழாதே, இங்க விட்டுட்டுப் போ" என்றாள் கோமளம் மாமி. அது இப்போது மாமி வீட்டில்தான் இருக்கிறது. இரண்டு வேளையும் தயிர்சாதம். மறுக்காமல் சாப்பிடுகிறது. சாப்பிட்டுவிட்டு நேரே போய் எலுமிச்சை மரத்தடியில் வைத்திருக்கும் கல்லைப் புரட்டப் பார்க்கிறது.