மிளகோடு காயப்போட்ட மகள்

ஒரே வயிற்றில் ஒரே நாளில் பிறந்த இரண்டு பெண்களில் ஒருத்தி மலைக்காரியாம், இன்னொருத்தி இல்லையாம். இப்படியும் ஒரு கூத்து உலகத்தில் உண்டா? சேலத்திலிருந்து திரும்பிய பஸ்ஸில் அடிவாரம் தொடங்கி மலையேறி வாழவந்தி வந்து சேரும் வரைக்கும் ராசாத்தி இதையே சொல்லிப் பொருமிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் இருந்த புருஷன் குழந்தைவேல் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் கோபம் தன் பக்கம் திரும்பிவிடும் என்று அவனுக்குத் தெரியாதா என்ன?

விஷயம் இதுதான். இரட்டைப் பெண்கள் கௌரியும் சிவசக்தியும் பிளஸ் டூ எழுதி முடித்துவிட்டு நர்சிங் படிக்க ஆசைப்பட்டார்கள். மலைச்சாதிச் சான்றிதழ் இருந்தால் சீட்டும் கிடைக்கும், ஹாஸ்டலும் கிடைக்கும். இல்லாவிட்டால் இவர்களுக்கு இருக்கிற துண்டு நிலத்துக் காப்பியையும் மிளகையும் நம்பி காலேஜ் வாசலைக்கூட மிதிக்க முடியாது. கௌரிக்குச் சான்றிதழ் வந்துவிட்டது. சிவசக்தியின் மனுவை மட்டும் வெங்கடாசலம் என்கிற அதிகாரி நிறுத்தி வைத்துவிட்டார்.

போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணு மொகத்துல மலைக்கார ஜாடையே இல்லையேம்மா. வர்ற வியாழக்கிழமை நேர்ல வந்து பாத்துட்டு முடிவு பண்றேன்" என்றார் அந்த மனுஷன்.

ஜாடையாம் ஜாடை! கௌரி அப்பனைக் கொண்டு நல்ல கறுப்பு. சிவசக்தி யாரைக் கொண்டு பிறந்தாளோ, பலாச்சுளை மாதிரி அப்படி ஒரு நிறம். பிறந்த அன்றைக்கே ஆஸ்பத்திரி ஆயா, "ரெண்டும் உன்றதுதானா?" என்று கேட்டாள். ஊரிலும் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். அப்படிப் பேசியவர்களை ராசாத்தி ஒரு வாங்கு வாங்கிவிடுவாள். ஆனாலும் உள்ளுக்குள் அவளுக்குப் பெருமைதான். சந்தைக்குப் போனால் சிவசக்தி இடுப்பில் இருப்பாள், கௌரி கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வருவாள். கௌரிக்குக் கடலைமாவு தேய்த்தே டப்பா டப்பாவாகக் காலி. போட்டோ எடுக்கிறபோதெல்லாம், "நீ பின்னால நில்லு கண்ணு" என்பாள். கௌரியும் சொல்லாமலே பின்னால் போய் நிற்கப் பழகிவிட்டாள்.

மறுநாள் காலையில் களத்தில் மிளகைக் காயப்போட்டார்கள். பச்சையாகப் பறித்த மிளகு நாலு வெயில் கண்டால் கன்னங்கரேலென்று ஆகிவிடும். ராசாத்தி மிளகைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். புத்தி போன போக்கைப் பாருங்கள்!

"சிவசக்தி, தலத்துண்ட எடுத்துப் போட்டுட்டு இங்க வந்து உக்காரு சாமி. பொழுது எறங்கற வரைக்கும் மெளகக் கெளறி உடு."

"எதுக்கும்மா?"

"கறுக்கறதுக்குத்தான். அந்த ஆபீசரு வர்றதுக்குள்ள உங்கக்கா நெறத்துக்குக் கொஞ்சமாச்சும் வந்து சேரு."

கௌரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அவ என்ன மெளகாம்மா, கறுத்தா வெல கூடறதுக்கு?"

"நீ உன்ற வேலையப் பாருடி" என்று ராசாத்தி முறைத்தாள்.

படிப்பு என்றால் சிவசக்திக்கு உயிர். சொன்னபடி உட்கார்ந்தாள். கறுத்தாளா? எங்கே கறுத்தாள்! சிவந்தாள். செவ்வாய்க்கிழமை மூக்கும் கன்னமும் கன்றிப்போய்த் தோல் உரிய ஆரம்பித்தது. சாயங்காலம் காய்ச்சலும் வந்துவிட்டது. ராசாத்தி சோற்றுக்கற்றாழையை வழித்து மகள் முகத்தில் தடவினாள். தொட்ட இடமெல்லாம் அந்தப் பெண் துடித்தது.

"இன்னும் ஒரு நாளு உக்காந்தா கறுத்துருமாம்மா?" என்று கேட்டாள் சிவசக்தி.

ராசாத்தி பதில் சொல்வதற்குள் கௌரி முந்திக்கொண்டாள். இப்போது அவள் சிரிக்கவில்லை.

"இத்தன வருசமா மாவத் தேச்சுத் தேச்சு என்னை வெளுக்க வெக்கப் பாத்தே. இப்ப இவளக் கறுக்க வெக்கற. நாங்க எந்த நெறத்துல இருந்தாத்தாம்மா உனக்கு ஆகும்?"

அந்த ஆபீசர் போட்டோவைப் பார்த்து ஒரு நிமிஷத்தில் செய்ததைத்தான், பெற்றவள் இத்தனை வருஷமாக வீட்டுக்குள்ளேயே செய்துகொண்டிருந்திருக்கிறாள். ராசாத்தி கற்றாழைக் கையோடு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கௌரி தன் தாவணி முனையால் அம்மாவின் முகத்தைத் துடைத்துவிட்டாள். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

வியாழக்கிழமை வந்தது. ராசாத்தி யாருக்கும் பவுடரும் பூசவில்லை, யாரையும் வெயிலிலும் வைக்கவில்லை. வருவது வரட்டும் என்றிருந்தாள். சிவசக்தி முகத்தில் ஈரத்துணியோடு வாசல் நிழலில் உட்கார்ந்திருந்தாள். களத்தில் கௌரியும் அவள் சிநேகிதி சசிரேகாவும் மிளகை அள்ளிக்கொண்டிருந்தார்கள். சசிரேகாவும் நல்ல கறுப்பு; எஸ்டேட் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லைன் வீட்டுப் பெண். தாத்தா காலத்திலேயே மலைக்குக் கீழே இருந்து வேலைக்கு வந்துவிட்ட குடும்பம்.

ஜீப்பிலிருந்து இறங்கிய வெங்கடாசலம் நேரே களத்துக்கு வந்தார்; ராசாத்தியும் குழந்தைவேலும் பின்னாலேயே வந்தார்கள். சசிரேகாவைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"நீதானே கௌரி? பாத்தீங்களாம்மா, இந்தப் பொண்ணுக்கு நான் ஒடனே கையெழுத்துப் போட்டேன். ஏன்னா இது மொகத்துலயே மலை தெரியுது." அப்புறம் கௌரி பக்கம் திரும்பினார். "நீ எஸ்டேட் லைனாம்மா? கீழ எந்த ஊரு?"

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏனுங்க சார்" என்றாள் சசிரேகா, "எங்க தாத்தன் ராசிபுரத்துல இருந்து காப்பி பறிக்க வந்தவருங்க. என்ற மூஞ்சில எந்த மலைங்க தெரியுது?"

"நீங்க கையெழுத்துப் போட்ட கௌரி நாந்தானுங்க" என்றாள் கௌரி.

முதலில் குழந்தைவேல்தான் சிரித்தான். அவன் சிரித்து ஊரில் யாரும் பார்த்ததில்லை. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். வாசலில் இருந்த சிவசக்தியும் சிரித்து, உரிந்த தோல் இழுத்ததில் "அய்யோ" என்றாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அதிகாரி அவள் முகத்தைப் பார்த்தார்.

"என்னம்மா ஆச்சு இதுக்கு?"

"உங்களைச் சொல்லிக் குத்தமில்லீங்க சார்" என்றாள் ராசாத்தி. "ஜாடை இல்லைன்னு நீங்க சொன்னதுக்கு, என்ற புள்ளய நானே வெயில்ல போட்டுக் கருக்கிட்டேன். நெறத்தப் பாத்து ஆளப் பிரிக்கற புத்தி எனக்கே நொம்ப நாளா இருந்துதுங்க. இப்பத்தான் ஒறச்சுது."

வெங்கடாசலம் ஒரு மிளகு மூட்டைமேல் உட்கார்ந்து, "தப்பு என்னோடதும்தாம்மா" என்றார். முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதை அப்புறம்தான் கேட்டார். இவள் யார் வீட்டுப் பேத்தி, எந்தச் சாமிக்குப் படைக்கிறார்கள், எந்த ஊரில் பெண் கொடுத்து எடுக்கிறார்கள் என்று விசாரித்தார். தாய்மாமன் காளியண்ணன் வந்து நின்றார். "ரெண்டு புள்ளைக்கும் ஒண்ணா என்ற மடியில வெச்சுத்தாங்க காது குத்துனோம். சக்திதான் கடிச்சு வெச்சா" என்று முழங்கையைக் காட்டினார். அங்கே தழும்பு எதுவும் இல்லை. ஆனாலும் அதிகாரி ரொம்ப மரியாதையாகக் குனிந்து பார்த்தார்.

"வர்ற திங்கக்கெழம சர்ட்டிபிகேட் வந்துரும். ரெண்டு பேரும் ஒரே காலேஜுல சேருங்க" என்று எழுந்தார். "விசாரணைக்கு வந்ததுக்கு ஒரு போட்டோ வேணும். குடும்பமா நில்லுங்க" என்று செல்போனை எடுத்தார்.

குழந்தைவேல் நின்றான். சிவசக்தி நின்றாள். கௌரி வழக்கம்போலப் பின்பக்கம் நகர்ந்தாள். ராசாத்தி அவள் கையை எட்டிப் பிடித்தாள்.

"நீ எங்கடி போறே? முன்னால வா."

கௌரி ஒரு நிமிஷம் அம்மாவையே பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, "பவுடராச்சும் போட்டுட்டு வரட்டுமாம்மா?" என்றாள்.

"போட்டீன்னா கைய ஒடிச்சுப்புடுவேன்" என்றாள் ராசாத்தி. ஒரு பக்கம் கன்றிச் சிவந்த மகளையும், இன்னொரு பக்கம் கறுத்த மகளையும் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, "எடுங்க சார்" என்றாள்.