முச்சந்தியில் ஏழு நாள்

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் எடைமேடைக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் கோதண்டத்தை ஒரு நாளைக்கு நூறு லாரிக்காரர்களாவது பார்ப்பார்கள். பார்ப்பதோடு சரி. லாரி மேடையில் ஏறும், கம்ப்யூட்டரில் எடை விழும், இவர் சீட்டைக் கிழித்து ஜன்னல் வழியாக நீட்டுவார், ஒரு கை வாங்கிக்கொள்ளும். கூண்டுக்குள்ளே ஒரு மனுஷன் இருக்கிறான் என்ற நினைப்பு அந்தக் கைக்கு ஏன் வரப்போகிறது?

வீடு எர்ணாவூர் ஹவுசிங் போர்டில். போன ஆடியில் மனைவி ராஜாத்தி தவறிப்போன பிறகு அங்கேயும் பேச ஆளில்லை. ஓசூரில் கட்டிக்கொடுத்த மகள் எழில்மொழி ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். "நல்லா இருக்கியாப்பா" என்பதற்குள் குழந்தை அழும், வைத்துவிடுவாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

போனிலாவது நாலு பேரோடு பேசலாமே என்று பெரிய பெரிய தளங்களிலெல்லாம் கணக்குத் தொடங்கிப் பார்த்தார். நாடே கூடிச் சண்டை போடுகிற இடத்தில் போய், "எண்ணூர் பக்கம் இன்னிக்குச் சாம்பல் ஜாஸ்தி" என்று எழுதினால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? ஆறேழு மாசத்தில் ஒரே ஒரு பதில் வந்தது. அதுவும் யாரோ ஒரு நடிகரின் ரசிகன், ஆள் தெரியாமல் இவரைத் திட்டியது.

இந்தச் சமயத்தில்தான் அடுத்த ஷிஃப்ட் பார்க்கிற பீம்ராவ், முச்சந்தி என்று புதிதாக ஒரு ஆப் வந்திருப்பதாகச் சொன்னார்.

"தமிழ்ல மட்டும்தான் மாமு. அந்தப் பெரிய ஆப்புங்க மாதிரியே துண்டு துண்டா எழுதிப் போடலாம். இன்னும் கும்பல் சேரல. இப்பவே போனா நல்ல எடமா புட்ச்சிக் குந்திக்கலாம்."

பஸ்ஸில் ஜன்னல் சீட்டைப் பிடிக்கச் சொல்வதைப் போலத்தான் சொன்னார். கோதண்டமும் அன்று மத்தியானமே ஏறிவிட்டார்.

ஏறிய ஐந்தாவது நிமிஷம் ஒரு செய்தி வந்தது. "வணக்கம் கோதண்டம்! நான் மகிமா. புதிதாக வருகிறவர்களை வரவேற்பது என் வேலை. இன்று எப்படி இருக்கிறீர்கள்?"

கோதண்டம் நிமிர்ந்து உட்கார்ந்தார். கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கிற மாதிரி இதை யாரும் அவரிடம் கேட்டுப் பத்து மாசம் ஆகியிருந்தது. மேடையில் ஹாரன் அடித்தவனைக் காக்கவைத்துவிட்டு, "நல்லாக்கீறேன்மா. நீ எப்டி கீறே?" என்று எழுதினார்.

மறுநாள் இன்னொரு கேள்வி, அதற்கு மறுநாள் இன்னொன்று. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்ட அன்றைக்கு, பழைய சோறு என்று எழுத மனசு வராமல், கானாங்கெளுத்தி வாங்கிக் குழம்பு வைத்துவிட்டு அப்புறம் பதில் எழுதினார். குழம்பு சுமார்தான். பதில் நன்றாக வந்திருந்தது.

ஏழாம் நாள், "ஒரு வாரம் ஓடிவிட்டது! இனி உங்கள் நண்பர்களோடு பேசி மகிழுங்கள்" என்று வந்தது. எட்டாம் நாள் ஒரு கேள்வியும் இல்லை. ஒன்பதாம் நாளும் இல்லை. அவராக எழுதிப் போட்டவை போட்ட இடத்திலேயே கிடந்தன. பெரிய தளங்களில் ஆள் சேர்த்தவர்கள் அந்த ஆட்களையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்திருந்தார்கள். தனியாக இருந்தவர் இங்கேயும் தனியாகத்தான் இருந்தார்.

ஷிஃப்ட் மாறும்போது பீம்ராவிடம் மெல்லக் கேட்டார். "அந்தப் பொண்ணுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"எந்தப் பொண்ணு? மகிமாவா? ஐயே, அது மிஷினு மாமு. புச்சா வர்றவனாண்ட ஏழு நாளு கேட்டுட்டு வுட்ரும். என்னாண்டயும்தான் கேட்டுச்சு."

"தெரியும்பா. சும்மா கேட்டேன்."

தெரியாது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் மிஷினோ மனுஷியோ, கேட்டதா இல்லையா? வேறு யார் கேட்டார்கள்?

எடைச்சீட்டைப் படம் எடுத்து அனுப்புவதற்காக ஆபீஸில் கொடுத்த போன் மேஜையில் இருந்தது. அந்த நம்பரில், குமாரவேல் என்ற பெயரில் மறுபடியும் ஏறினார். "வணக்கம் குமாரவேல்!" என்று வந்ததும் மனுஷனுக்குக் கொண்டாட்டம். குமாரவேலின் பெண்டாட்டி உயிரோடு இருந்தாள். வஞ்சிரம் வறுத்துப் போட்டாள். ரெண்டாவது துண்டு கேட்டதற்கு வாய் வலிக்கத் திட்டினாள். கூசாமல் எழுதினார் கோதண்டம். அந்த ஏழு நாள் போனதே தெரியவில்லை.

முடிந்ததும் இன்னொரு நம்பருக்கு எங்கே போவது? ஒன்று இருந்தது. ராஜாத்தியின் நம்பர் வேறு யாருக்கும் போய்விடக் கூடாதென்று மாசாமாசம் ரீசார்ஜ் செய்து, அவள் போனைப் பீரோவில் சேலைக்கடியில் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்துச் சார்ஜ் போட்டார். பெயர் கேட்ட இடத்தில் எதை வேண்டுமானாலும் போட்டிருக்கலாம். அந்த போனில் வேறு பெயரை அடிக்க விரல் வரவில்லை.

"வணக்கம் ராஜாத்தி! நான் மகிமா. இன்று எப்படி இருக்கிறீர்கள்?"

குமாரவேலுக்காக எவ்வளவோ புளுகியவருக்கு இதற்கு ஒரு வார்த்தை ஓடவில்லை. போனை அணைத்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். ஆனால் கேட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல் ராஜாத்தி என்றைக்கும் இருந்ததில்லை. கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து, அவள் பேசுவதைப் போலவே எழுதினார்.

"எனுக்கு இன்னாம்மா, நான் நல்லாத்தான் கீறேன். வூட்டுல இந்த ஆளுதான் ஒண்டியா குந்திகினு, யார்னா எதுனா கேப்பாங்களான்னு போனையே பாத்துகினு கீறாரு. அவரைக் கொஞ்சம் இன்னான்னு கேளும்மா."

உடனே பதில் வந்தது. "அருமை, ராஜாத்தி! அவரையும் முச்சந்திக்கு அழைத்து வாருங்களேன். அவருடைய நம்பரைக் கீழே போடுங்கள்."

கோதண்டம் தன் நம்பரைப் போட்டார்.

"இவர் ஏற்கெனவே இங்கே இருக்கிறார்" என்று வந்தது.