ரேடியோவுக்கு ஒரு புராசஸர்

டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் அத்தானுக்கு ரேடியோ என்று பெயர். பக்கத்து சீட்டில் ஒருவர் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வியர்த்து வழிவார். இவர் வாய் ஓயாது. "கிளட்சை மெல்ல விடு. அது உன் மாமியார் கழுத்து இல்ல, அவ்வளவு ஆசையா அழுத்தாத." பயந்துகொண்டே ஏறியவர்கள் சிரித்துக்கொண்டே இறங்குவார்கள். வீட்டுக்கு வந்தாலும் நிறுத்தமாட்டார். "கொஞ்சம் வாயை மூடுங்களேன், குக்கர் சத்தம் கேக்கல" என்று சமையலறையிலிருந்து அக்கா கத்துவாள்.

அந்த வாய்தான் முதலில் போனது. நாக்கு தடித்து, பேச்சு குழறியது. ரேடியோ குடித்துவிட்டு வண்டியில் உட்காருகிறார் என்று யாரோ முதலாளியிடம் புகார் சொன்னார்கள். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்த பிறகு, நரம்புகள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போகிற நோய் என்று தெரிந்தது. மருந்து கிடையாது என்பதும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே தெரிந்தது. கை போனது, கால் போனது, குரலும் அடியோடு போனது. கடைசியில் அசைவது கண் மட்டும் என்றாகிவிட்டது. மேலே பார்த்தால் ஆமாம். கண்ணை மூடினால் இல்லை.

வேலையை விட்டபோது முதலாளி ஆபீஸில் கிடந்த பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து கொடுத்தார். கம்பெனியிலேயே பூட்டி, சீல் வைத்து வருகிற ரெடிமேட் பெட்டி. ரொம்ப நாள் அது மூலையில் துணி போர்த்திக்கொண்டு நின்றது. பிறகு நோயாளிகள் சங்கம் ஒன்று ஒரு கேமராவை இரவல் கொடுத்தது. திரைக்குக் கீழே அதை ஒட்டிவிட்டால் கண் எங்கே பார்க்கிறது என்று கண்டுபிடித்துவிடும். திரையில் எழுத்துகள் இருக்கும். ஒரு எழுத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் அது விழும். எழுதி முடித்ததும் கம்ப்யூட்டர் வாய்விட்டுப் படிக்கும்.

ஆனால் அந்தப் பெட்டிக்கு வயசாகிவிட்டது. கேமரா அனுப்புவதை வாங்கிச் செரிக்க அதற்குத் தெம்பு இல்லை. அத்தான் 'த' வைப் பார்த்துவிட்டு அடுத்த எழுத்துக்குப் போயிருப்பார். திரை இன்னும் 'த' விலேயே நிற்கும். நடுவில் உறைந்துபோகும். விழித்துக்கொண்டதும் அவர் பார்த்த இடமெல்லாம் சேர்த்து ஒரு குப்பையைக் கொட்டும். தண்ணீர் கேட்க அரை மணி நேரம் பிடிக்கும். அவர் கண்ணில் நீர் வடியும். அது களைப்பா அழுகையா என்று கேட்க யாருக்கும் துணிவு வராது.

அக்காவின் தம்பி லிப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அத்தானைத் தூக்கிக் குளிப்பாட்டி, முகம் மழித்துவிட்டுப் போவான். அவன் வேலை பார்க்கும் கட்டடத்தின் கீழே ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை இருந்தது. பெட்டியின் மாடல் எண்ணைக் காட்டினான்.

"இதோட மூளைல, அதான் புராசஸர்ல, இருக்கறது ரெண்டு கோர். அந்தக் காலத்து நாலு கோர் ஒண்ணு இந்த போர்டு ஏத்துக்கும். அதுக்கு மேல வச்சா முறைச்சுக்கும். முதல்ல போர்டோட புரோகிராமைப் புதுசு பண்ணு, இல்லேன்னா புதுசை அடையாளமே தெரியாது" என்றார் கடைக்காரர். பழைய மெஷின் ஒன்றிலிருந்து கழற்றிய புராசஸரைப் பஞ்சு வைத்த டப்பாவில் போட்டுத் தந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வாசலிலேயே மறித்தாள்.

"வேண்டாம்டா. இப்ப ஏதோ ஓடிட்டிருக்கு. நீ கையை வச்சு அதுவும் போச்சுன்னா?"

"அத்தானையே கேப்போம்."

அத்தான் மேலே பார்த்தார். சந்தேகத்துக்கு இடமில்லாமல், புருவம் வரை பார்த்தார்.

தரையில் பழைய போர்வையை விரித்து, போர்டின் புரோகிராமைப் புதுசு பண்ணி முடித்த பெட்டியை அதில் படுக்கவைத்தான். அத்தான் பார்க்கும்படி கட்டிலைச் சாய்த்துவைத்தான். மூடியைத் திறந்ததும் உள்ளே ஒரு கம்பளி அளவுக்குத் தூசி. கம்பெனிப் பெட்டி என்பதால் எல்லாம் அளவெடுத்துத் திணித்தது. விரல் போக இடமில்லை. மெமரிக் குச்சிகளைப் பிடுங்கி ஓரமாக வைத்த பிறகுதான் விசிறியின் திருகுகள் எட்டின. விசிறியைத் தூக்கினால் அடியில் இருந்த பசை சுண்ணாம்பாகக் காய்ந்திருந்தது. துடைத்தான். இரும்புக் கொக்கியை விலக்கிப் பழைய புராசஸரை எடுத்தான். அது தீப்பெட்டியை விடச் சின்னதாக இருந்தது. அது உட்கார்ந்திருந்த பள்ளத்தில் முடியளவு ஊசிகள் நூற்றுக்கணக்கில் நின்றன.

"இதுல ஒண்ணு வளைஞ்சாலும் சோலி முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்தான். ஆள் ஏறின லிப்டையே அந்தரத்தில் நிறுத்திப் பழுது பார்க்கிறவன். அன்றைக்கு விரல்களை இரண்டு முறை சட்டையில் துடைத்துக்கொண்டான்.

புதியதை வைத்தான், கொக்கியை அழுத்தினான். நறுக்கென்று ஒரு சத்தம் கேட்டு அக்கா "ஐயோ" என்றாள். பசை ஒரு பொட்டு, மேலே விசிறி, திருகு, மெமரிக் குச்சிகள், ஒயர். பொத்தானை அமுக்கினால் விசிறி சுற்றியது, திரை கறுப்பாகவே நின்றது. பெட்டி பீப், பீப் என்று கத்தியது.

அவன் மறுபடி கழற்றி, மறுபடி பார்த்து, கடைசியில் மெமரிக் குச்சியை விரலால் அழுத்தினான். டக்கென்று உள்ளே போனது.

"இதான். இது சரியா உட்காரல. இது இல்லேன்னா கத்திட்டே இருக்கும், திரையே வராது."

திரை வந்தது. கேமரா விழித்தது. அத்தான் பார்த்த எழுத்து பார்த்த கணமே விழுந்தது. மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். தமிழ் படிக்க அந்தப் பெட்டியில் பெண் குரல் ஒன்றுதான் இருந்தது. ரயில் தாமதம் என்று அறிவிக்கிறவள் மாதிரி பேசும்.

"மச்சான். மூக்குல கரி. போய்க் கழுவு."

அவன் தன்னை மறந்து சிரித்தான். குரல் விடாமல் தொடர்ந்தது. "இந்த வீட்ல இப்ப ரெண்டு பொம்பளைக் குரல். ரெண்டும் என்னைக் கேக்காம பேசாதுன்னு நம்பறேன்." அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அழுதாள். ரேடியோ திரும்பி வந்துவிட்டார். காப்பியில் சர்க்கரை இல்லை, அது வயிற்றுக்குப் போகிற குழாய் வழியாகப் போனாலும் தனக்குத் தெரியும் என்றார். மச்சானுக்கு மழிக்கத் தெரியவில்லை, தாடையில் வயல் வரப்பு மாதிரி விட்டுவிடுகிறான் என்றார். ஒரு மணி நேரம் பேசினார்.

பிறகு கண் கொஞ்சம் இளைப்பாறியது. மறுபடி எழுத்துகள் விழுந்தன.

"ஆபரேஷன் வேண்டாம்."

அக்காவின் சிரித்த முகம் அப்படியே நின்றுவிட்டது. மூச்சுத் தசைகளும் தளர்ந்துகொண்டிருந்ததால், தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து மெஷினோடு இணைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்படி வைத்தால் வருஷக்கணக்கில் இருக்கலாம். புராசஸரை மாற்றுவதற்கு முன்பே அத்தானைத்தான் கேட்டார்கள். அத்தான் 'வே' என்று எழுதியதும் பெட்டி தானாகச் சில வார்த்தைகளை நீட்டியது. பிறகு உறைந்தது. விழித்துக்கொண்டு "வேண்டும்" என்று படித்தது. அக்கா அவர் நெற்றியில் முத்தமிட்டாள். ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று.

"அன்னைக்கு நான் வேண்டாம்னுதான் பாத்தேன். பெட்டி முதல்ல இருந்த வார்த்தையை எடுத்துக்கிச்சு."

"அப்புறம் கண்ணாலயாவது சொல்லியிருக்கலாமே?" அக்காவின் குரல் கீச்சிட்டது.

"நீ கேக்கவே இல்ல."

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாய்த் தண்ணீர் வெகுநேரம் ஓடியது. மெக்கானிக் தூசியைக் கூட்டி அள்ளினான். அடுத்த வாரம் வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

வாரம் முடிவதற்குள் அக்கா போன் பண்ணினாள். "அது கெட்டுப்போச்சுடா. நீ மாட்டினது சரியில்ல. கத்துது. நிறுத்தி வச்சிட்டேன்." சாயங்காலம் வேலை முடிந்ததும் சீருடையோடு ஓடினான். அத்தான் கறுத்த திரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். இவனைக் கண்டதும் கண்ணை இறுக மூடித் திறந்தார், மூடித் திறந்தார். இல்லை, இல்லை, இல்லை. எதை இல்லை என்கிறார் என்று அவனுக்குப் புரியவில்லை.

பொத்தானை அமுக்கினான். பீப், பீப். மூடியைத் திறந்து டார்ச் அடித்தான். புராசஸர் சூடாகி ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தான். ஆனால் மெமரிக் குச்சி இருக்க வேண்டிய இடங்கள் காலியாக இருந்தன. அது தானாகக் கழன்று விழாது. கொக்கியை அமுக்கிப் பிடுங்கினால்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை அவன் பிடுங்கியதை அந்த அறையில் வேறு இருவர் பார்த்திருந்தார்கள். ஒருவருக்குக் கை அசையாது.

அவன் சமையலறைக்குப் போனான். அக்கா காலி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கக்கா அது?"

"எது?"

"அக்கா."

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. "நாள் பூரா அதையே சொல்றாருடா. காலைல எழுந்தா அது, மருந்து குடுத்தா அது. எனக்குக் காது இல்லையா? என்னை என்ன பண்ணச் சொல்ற? ஆபரேஷன் முடியட்டும், மாட்டிடறேன். அதுவரைக்கும்தான்."

"அதுவரைக்கும் அவரு வாயைக் கட்டி வைப்பியா?"

"நீ ஏன்டா அதைச் சரி பண்ணின?" அடுப்பைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டாள். கோபமாகக்கூட இல்லை. "நான் கேட்டேனா உன்னை? வேண்டாம்னுதானே சொன்னேன். வேண்டும்னு சொன்னாரு, நிம்மதியா இருந்தேன். ஒரு வார்த்தையைப் பிடிச்சிட்டு இருந்தேன்டா நான்."

அவன் இரும்புக் கயிறும் எண்ணெயும் பழகின கையை நீட்டினான். நீட்டியபடியே நின்றான். கடைசியில் அவள் மருந்து டப்பாவைத் திறந்து, மாத்திரை அட்டைகளுக்கு அடியிலிருந்து அந்தக் குச்சிகளை எடுத்துக் கொடுத்தாள். மேலே ஒரு கைக்குட்டையைச் சுற்றியிருந்தாள், கீறல் விழக்கூடாதென்று.

திரை வந்ததும் அத்தான் அவளைத் திட்டுவார் என்று அவன் எதிர்பார்த்தான். அவர் எழுதியது, "உக்காரு."

அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். இந்த முறை அவளே கேட்டாள். "எனக்குப் பாரமா இருக்கும்னு நினைச்சு வேண்டாங்கறீங்களா? அப்படின்னா சத்தியமா உங்களை மன்னிக்க மாட்டேன்."

கண் மூடியது. இல்லை. பிறகு எழுதினார். அந்த ரயில் நிலையக் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"உனக்காக இல்ல. எனக்குப் பயம். சில பேருக்குக் கண்ணும் போயிடும்னு டாக்டர் சொன்னாரு. நீ அப்போ தண்ணி பிடிக்கப் போயிருந்த. கண்ணு போனா நான் உள்ள இருப்பேன். யாருக்கும் தெரியாது. மெஷின் என்னை விடாது. நீ பக்கத்துல உக்காந்து நான் தூங்கறேன்னு நினைப்ப."

அக்கா நீண்ட நேரம் அவர் கையைத் தடவிக்கொண்டிருந்தாள். அந்தக் கையில் சதை இல்லை.

"கண்ணு போகலேன்னா?"

"போகலேன்னா நான் ஏமாந்தேன்னு வச்சுக்கோ."

"நான் என்ன பண்ணுவேன்?"

அதற்கு அவர் உடனே எழுதவில்லை. பெட்டி வேகமாகத்தான் இருந்தது, காத்திருந்தது. கொஞ்சம் கழித்து, "அதுக்கு என்கிட்ட பதில் இல்ல" என்று வந்தது.

மறுநாள் அவனும் லீவு போட்டுவிட்டு அக்காவோடு ஆஸ்பத்திரிக்குப் போனான். விஷயத்தைக் கேட்ட டாக்டர் வீட்டுக்கே வந்து அத்தானிடம் நேராகக் கேட்டார். ஒன்றுக்கு இரண்டு முறை, கேள்வியைத் திருப்பிப் போட்டும் கேட்டார். பதில் மாறவில்லை, ஆபரேஷன் ரத்தானது. மூச்சு முட்டும்போது வேதனை தெரியாமல் இருக்க என்னென்ன கொடுக்க வேண்டும் என்று அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதன்பிறகு அந்த வீட்டில் பேச்சுக்குக் குறைவில்லை. பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. ஜன்னல் திரையைத் துவைப்பது பற்றி இருவரும் சண்டை போட்டார்கள். வாசலில் யாரோ வண்டியைப் பின்னால் எடுக்கிற சத்தம் கேட்டு, "கியரை உடைக்கறான் பாவி" என்றார் அத்தான். கல்யாணத்துக்கு முன்னால் தான் இன்னொரு பெண்ணைப் பார்க்கப் போனதையும் அங்கே நாய் துரத்தியதையும் சொன்னார். அக்காவுக்கு அது தெரியாது. ஒரு நாள் முழுக்க முறைத்துக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் பேச்சு வாக்கியத்திலிருந்து வார்த்தையாகச் சுருங்கும். நாளாக நாளாக மத்தியானத்திலேயே சுருங்க ஆரம்பித்தது. பெட்டியின் குற்றம் இல்லை அது. மெக்கானிக் ஒவ்வொரு ஞாயிறும் மூடியைத் திறந்து பார்த்தான்; உள்ளே எல்லாம் ஒழுங்காகவே இருந்தது.

மழைக்கால ஆரம்பத்தில், ஒரு வேலைநாளில் அத்தான் போனார். அக்கா போன் பண்ணியபோது அவன் லிப்ட் குழிக்குள் நின்றிருந்தான். மேலே ஏறி வர நேரமாயிற்று. அவன் போய்ச் சேர்ந்தபோது அவள் அவர் முகத்தைத் தானே மழித்து முடித்திருந்தாள்.

சங்கத்து ஆள் வந்து கேமராவை எடுத்துக்கொண்டு போனார். அடுத்து ஒருவர் காத்திருந்தாராம்.

சில வாரங்கள் ஞாயிற்றுக்கிழமை அவன் வழக்கம்போலப் போனான். தூக்கவும் குளிப்பாட்டவும் ஆள் இல்லாததால் கை வேலை தேடியது. ஒழுகுகிற குழாயை இறுக்கினான், கதவுக்கு எண்ணெய் விட்டான். ஒருநாள் அக்கா காப்பியைக் கொடுத்துவிட்டு, நின்றுகொண்டே சொன்னாள்.

"உன் மேல கோபம் இல்லடா. நீ பண்ணினது சரிதான். எனக்கும் தெரியும். ஆனா நீ இந்த ரூம்ல தரையில உக்காந்தா எனக்கு அந்த ஞாயித்துக்கிழமைதான் ஞாபகத்துக்கு வருது. கொஞ்ச நாளைக்கு வராத."

அவன் காப்பியைக் குடித்துமுடித்தான். சரிக்கா என்றான். செருப்பை மாட்டும்போது அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அழவில்லை.

இப்போது அவன் போன் மட்டும்தான் பண்ணுகிறான். அவள் எடுக்கிறாள். சாப்பிட்டியா என்று கேட்கிறான், சாப்பிட்டேன் என்கிறாள். நீ? அவனும் சாப்பிட்டதாகச் சொல்கிறான். அதற்கு மேல் இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. சில நாள் அவள் முதலில் வைக்கிறாள், சில நாள் அவன்.