எண்ணெய் வாடை இல்லை

லூசியானாவின் இந்த வளைகுடாவில் சிப்பி எடுக்கிறவர்கள் கடவுளுக்கு அடுத்தபடியாக யெலிட்சாவின் மூக்கைத்தான் நம்பியிருந்தார்கள். கடலடிக் குழாய் வெடித்து எண்ணெய் பரவியதிலிருந்து சிப்பிப் படுகைகள் மூடிக் கிடந்தன. சிப்பியை முகர்ந்து பார்க்கும் அரசுக் குழு எண்ணெய் வாடை இல்லை என்று சொன்னால்தான் அவை திறக்கும். குழுவில் அவளும் ஒருத்தி. அவள் கணவன் நிக்ஷாவின் படுகையும் மூடியவற்றில் ஒன்று.

பக்கத்துப் படகுக்கார யோசோ சும்மா இருப்பானா? "உன் பொண்டாட்டிக்குச் சளி கிளி பிடிக்காம பாத்துக்கப்பா. நம்ம பொழப்பே அந்த மூக்குலதான் தொங்குது" என்றான். நிக்ஷா இதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் வெங்காயம் நறுக்குவதையே நிறுத்திவிட்டான்.

பரவிய எண்ணெயை அகற்றியவர்கள் பல்கலைக்கழகத்துக்காரர்கள். கண்ணுக்குத் தெரியாத இரும்பு நானோ துகள்களைத் தண்ணீரில் தூவினார்கள். துகள்கள் எண்ணெயைக் கவ்விக்கொண்டன. பெரிய காந்தங்களைப் படகில் கட்டி இழுத்து இரண்டையும் சேர்த்து வாரினார்கள். தூவியதெல்லாம் திரும்பி வந்துவிட்டதா என்று நிக்ஷா கேட்டான். ஏறக்குறைய எல்லாம் என்றார்கள். அறிவியலில் அது நல்ல சொல்லாம்.

முகர்கிறவர்களுக்குக் காப்பி கிடையாது, வாசனை சோப்பு கிடையாது. ஒரு சிப்பிக் கிண்ணத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே, முந்தைய வாடை போக, ஒரு துண்டு தர்பூசணி. யெலிட்சா தர்பூசணியாகத் தின்று தீர்த்தாள். எந்தக் கிண்ணத்திலும் எண்ணெய் இல்லை. சிப்பிக்கே உரிய உப்பு வாடையும் இல்லை. ஆணியை வாயில் கவ்வினால் வருமே, அந்த வாடை லேசாக இருந்தது. அவள் அதைச் சொல்ல வாயெடுத்தாள். குழுத் தலைவர் மரியாதையாகக் குறுக்கிட்டு, கேள்வி எண்ணெயைப் பற்றியது மட்டும்தான் என்றார். இரும்பை முகரக் குழுவுக்கு அதிகாரம் இல்லை. அவளுக்கு நிக்ஷாவின் முகம் நினைவுக்கு வந்தது. எண்ணெய் வாடை இல்லை என்றாள். சொன்னது உண்மைதான், ஆனாலும் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

படுகைகளைத் திறந்துவிட்டார்கள். நிக்ஷா படகு நிறைய அள்ளி வந்தான். மறுநாள் காலை நியூ ஆர்லியன்ஸ் உணவகங்களுக்குக் கொண்டுபோக லாரி வருவதாக ஏற்பாடு. மாலையில் படகுத்துறையில் எல்லோரும் பார்க்க, முதல் சிப்பியைக் கத்தியால் பிளந்து அவளிடம் நீட்டினான். முதல் சிப்பி எப்போதும் அவளுக்குத்தான். பச்சையாக, எலுமிச்சைகூடப் பிழியாமல். சமைத்த சிப்பி சுற்றுலாக்காரர்களுக்கு என்பது கல்யாணமான நாளிலிருந்தே அவள் கட்சி.

யெலிட்சா ஓட்டைக் கையில் வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள்.

"எனக்குப் பொரிச்சுக் குடு" என்றாள்.

யோசோ சிரித்தான். நிக்ஷா சிரிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான். கத்தியைத் துடைத்து உறையில் போட்டான். பிறகு போனை எடுத்து, நாளைக்கு வர வேண்டாம் என்று லாரிக்காரரிடம் சொன்னான்.

என்ன ஆச்சு, அவளுக்குச் சளியா என்று யோசோ கேட்டான்.

"இல்ல" என்றான் நிக்ஷா. "மூக்கு நல்லாத்தான் இருக்கு."